துணிந்து தங்கிய தந்தை டேமியன்



தைரியம் என்றதும் போர்க்களம்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இந்த இதழில் நீங்கள் சந்திக்கப்போகிறவர் கத்தி எடுத்தவரும் அல்ல, கூட்டம் திரட்டியவரும் அல்ல. எல்லோரும் அஞ்சி விலகிய ஓர் இடத்துக்குப் போய், சாகும்வரை பதினாறு ஆண்டுகள் அங்கேயே குடியிருந்தார். ஒரு கிறிஸ்தவனாக வாழ்வது என்றால் இதுதான் என்று அவர் நம்பினார்.

1840 ஜனவரி 3 அன்று பெல்ஜியத்தின் ட்ரெமெலோ கிராமத்தில் பிறந்தவர் ஜோசப் டி வூஸ்டர். துறவற சபையில் சேர்ந்தபோது டேமியன் என்று பெயர் ஏற்றார். அதே சபையில் இருந்த அண்ணன், ஹவாய் தீவுகளுக்கு ஊழியம் செய்யப் புறப்பட இருந்த நேரத்தில் நோயில் படுத்துவிட்டார். அண்ணனுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று தம்பி கேட்டு வாங்கிக்கொண்டார். 1864 மார்ச் மாதம் ஹொனலுலுவில் இறங்கினார். இரண்டு மாதத்தில் குருப்பட்டம் பெற்று, பெரிய தீவின் கிராமங்களில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார்.

அந்நாளில் ஹவாய் ஒரு தனி ராஜ்ஜியம். தொழுநோய் அங்கே வேகமாகப் பரவியது, மருந்து கிடையாது. 1865-ல் ஒரு சட்டம் போட்டார்கள். நோய் கண்டவர்களைப் பிரித்து மொலோக்காய் தீவின் ஒரு முனைக்குக் கப்பலில் அனுப்பினார்கள். மூன்று பக்கம் கடல், பின்னால் சுவர்போல எழும்பிய மலை. கணவனை, மனைவியை, பெற்ற பிள்ளையை விட்டு வந்தவர்கள் அங்கே குடிசைகளில் கிடந்தார்கள். இறந்தால் ஒழுங்காகப் புதைக்கவும் ஆள் இல்லை.

1873-ல் ஆயர், அங்கே போக யார் தயார் என்று குருக்களிடம் கேட்டார். நான்கு பேர் முன்வந்தார்கள். முறைவைத்து மாறி மாறிப் போவதாக ஏற்பாடு. முதல் முறை டேமியனுடையது. அந்த ஆண்டு மே 10 அன்று போய் இறங்கினார். வயது 33. தங்க வீடு இல்லாததால் முதல் நாட்களில் ஒரு தாழை மரத்தடியில் படுத்தார். சில நாட்களிலேயே, தன்னை இங்கேயே விட்டுவிடும்படி மேலிடத்துக்கு எழுதினார். மாறிப் போகும் முறை அவரோடு நின்றது.

அவர் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. மலைப் பக்கத்திலிருந்து குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவர வழிசெய்தார். தச்சு வேலை தெரிந்தவர் என்பதால் வீடுகள் கட்டினார், கோயிலைப் பெரிதாக்கினார், சவப்பெட்டி செய்தார், குழியும் வெட்டினார். புண்களைக் கழுவிக் கட்டுப்போட்டார். அந்த நாற்றத்தைத் தாங்கவே புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். பாட்டும் வாத்தியமும் கற்க வழிசெய்தார். பிரசங்கத்தில் நோயாளிகளைத் தன்னிடமிருந்து பிரித்துப் பேசாமல், தானும் ஒரு தொழுநோயாளி என்றே சேர்த்துப் பேசினார். அப்போது அவர் உடம்பில் நோய் இல்லை.

தனிமையும் அவரை வாட்டியது. ஒருமுறை, அவருடைய சபைத் தலைவர் வந்த கப்பலிலிருந்து இறங்க அனுமதி கிடைக்கவில்லை. டேமியன் படகில் போய்க் கப்பலுக்குக் கீழே நின்றார். மேலே இருந்தவருக்குக் கேட்கும்படி, எல்லோர் காதிலும் விழ, தன் பாவங்களைச் சத்தமாகச் சொல்லிப் பாவமன்னிப்புப் பெற்றார்.

1884 டிசம்பரில் ஒரு நாள், கொதிக்கும் சூட்டில் இருந்த தண்ணீரில் கால் வைத்தார். தோல் வெந்தது, சூடு தெரியவில்லை. தனக்கும் நோய் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். அதன் பிறகும் கட்டட வேலையை நிறுத்தவில்லை. கடைசி ஆண்டுகளில் ஜோசப் டட்டன் என்ற தொண்டரும், அன்னை மரியான் கோப்பும் அவருடைய சகோதரிகளும் துணைக்கு வந்தார்கள். 1889 ஏப்ரல் 15 அன்று, 49 வயதில் டேமியன் காலமானார்.

அவர் குறையே இல்லாதவர் அல்ல. முன்கோபி, பிடிவாதக்காரர் என்று உடன் பணியாற்றியவர்களே குறைப்பட்டார்கள். இறந்த பிறகு, ஹொனலுலுவின் இன்னொரு சபைப் போதகர் அவருடைய ஒழுக்கத்தையே பழித்து எழுதினார். அதற்கு 1890-ல் பதிலடி கொடுத்தவர் எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். அவர் கத்தோலிக்கர் அல்ல. ஆனால் அந்தக் குடியிருப்புக்கு நேரில் போய்த் தங்கி வந்தவர். டேமியனின் குறைகளை மறைக்காமலே, வசதியான வீட்டில் இருந்துகொண்டு பழிப்பவருக்கும் அங்கே போய் வாழ்ந்தவருக்கும் உள்ள தூரத்தைக் காட்டினார். 2009-ல் கத்தோலிக்கத் திருச்சபை டேமியனைப் புனிதராக அறிவித்தது.

இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து உண்டு, முழுமையாகக் குணமாகும். நம் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். உணர்ச்சியற்ற தேமல் யாருக்காவது இருந்தால், மறைக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

மருந்து வந்துவிட்டது, பயம் இன்னும் போகவில்லை. 2020-ல் கதவில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட வீடுகளை அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்த்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். லிஃப்டில் முகம் திருப்பியவர்கள் உண்டு. வாசலில் பால் பாக்கெட்டும் சாப்பாடும் வைத்துவிட்டு, பால்கனியிலிருந்து நலம் விசாரித்தவர்களும் உண்டு. எச்சரிக்கை வேண்டியதுதான், அதற்காக மனிதரைக் கைவிட வேண்டியதில்லை. நீங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், அடுத்த முறை ஒரு வீட்டின் கதவு அப்படி மூடிக்கிடந்தால், ஒரு போன் செய்து என்ன வேண்டும் என்று கேளுங்கள்.