உயிர் மின்சாரம் கண்ட கால்வானி

இத்தாலி நாட்டின் வடபகுதியிலுள்ள பொலோனா நகரம் பழம்பெரும் பல்கலைக்கழகத்தால் புகழ் பெற்றது. அந்நகரில் 1737ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் லூயிஜி கால்வானி பிறந்தார். மருத்துவம் பயின்ற அவர், உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியராக உயர்ந்தார். அவர்தம் மனைவி லூசியா இல்லறத்தில் மட்டுமன்றி ஆராய்ச்சியிலும் துணை நின்றார்.

ஒருநாள் ஆய்வுக்கூடத்தில், அறுத்து வைத்திருந்த தவளையின் நரம்பை உதவியாளர் ஒருவர் கத்தி முனையால் தொட்டார். அதே நொடியில் அருகிலிருந்த மின்பொறியிலிருந்து தீப்பொறி தெறித்தது. உயிரற்ற தவளையின் கால்கள் வெடுக்கெனத் துடித்தன! கால்வானி இதன் காரணத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மின்பொறி இல்லாதபோதும், நரம்பையும் தசையையும் இருவேறு உலோகங்களால் இணைத்தால் கால்கள் துடிக்கக் கண்டார். உயிர்களின் உடலிலேயே மின்சாரம் உண்டு எனத் துணிந்து, 1791ஆம் ஆண்டு தம் நூலை வெளியிட்டார். அதனைக் காண லூசியா இல்லை. அதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார்.

பேவியா நகரப் பேராசிரியர் வோல்ட்டா இம்முடிவை மறுத்தார். மின்சாரம் உலோகங்களின் சேர்க்கையால் பிறந்ததேயன்றித் தவளையினின்று தோன்றவில்லை என்பது அவர் வாதம். கால்வானி சோதனையாலேயே விடையளித்தார். உலோகம் எதுவுமின்றி, நரம்பைத் தசைமீது படச் செய்தே துடிப்பை உண்டாக்கினார்.

இதற்கிடையில் நெப்போலியனின் படை வட இத்தாலியைக் கைப்பற்றியது. அங்கு அமைந்த புதிய அரசு, பேராசிரியர்கள் தனக்கு உறுதிமொழி அளிக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. தம் மனச்சான்றுக்கு அஃது ஒவ்வாது எனக் கால்வானி மறுத்தார். 1798ஆம் ஆண்டில் பதவியும் ஊதியமும் பறிபோயின. அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள் அவர் மறைந்தார். 1800ஆம் ஆண்டில் வோல்ட்டா மின்கல அடுக்கைப் படைத்து உலகப் புகழ் எய்தினார். கால்வானியின் கருத்து மங்கியது.

ஆயினும் உண்மை மறையவில்லை. நரம்பு அணுவின் உட்புறத்தில் பொட்டாசியம் அயனிகளும் வெளிப்புறத்தில் சோடியம் அயனிகளும் மிகுந்துள்ளன. அணுவின் மெல்லிய சவ்விலுள்ள நுண்ணிய வாய்க்கால்கள் மதகுகள்போல் திறந்து மூடுகின்றன. தூண்டுதல் வந்ததும் சோடியம் உட்புகுகிறது. உடனே அவ்வழி அடைபட, பொட்டாசியம் வெளியேறுகிறது. இவ்வாறு எழும் மின்னலை நரம்பின் வழியே ஓடித் தசையை இயக்குகிறது. இதனை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர்கள் 1952ஆம் ஆண்டில் விளக்கினர். தனியொரு வாய்க்காலில் பாயும் மின்னோட்டத்தை நேயர், சாக்மன் என்னும் செருமானிய அறிஞர்கள் 1976ஆம் ஆண்டில் அளந்து காட்டினர்.

உலோகங்களின் சேர்க்கை மின்சாரம் தரும் என்ற வோல்ட்டாவின் கூற்றும் மெய். உடலில் மின்சாரம் உண்டு என்ற கால்வானியின் கூற்றும் மெய். கண்ட உண்மையையும் கொண்ட கொள்கையையும் கைவிடாத கால்வானியை, நம் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் நினைவூட்டுகிறது.