மோரிஸ் காட்சோனிடெஸ்

மோரிஸ் காட்சோனிடெஸ் (பெப்ரவரி 14, 1911 - நவம்பர் 29, 1998) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த தானுந்துப் பந்தய வீரரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். 1953 ஆம் ஆண்டின் மான்டே கார்லோ நெடுந்தூரத் தானுந்துப் போட்டியில் இவர் வெற்றி பெற்றார். வளைவுகளில் தாம் வண்டியோட்டும் வேகத்தைச் சரியாக அறிந்து அதை மேலும் கூட்டிக்கொள்ளும் பொருட்டு இவர் ஓர் அளவுகருவியை உருவாக்கினார். அதுவே பின்னர் வேக வரம்பை மீறுவோரையும், சாலைச் சந்திப்புகளில் சிவப்பு விளக்கைக் கடந்து செல்வோரையும் படம்பிடிக்கும் கருவியாக வளர்ந்தது. இவ்வகைக் கருவிகளைக் கொண்டு சாலை விதிகளைச் செயற்படுத்தும் முறை உலகின் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. இந்தியாவில் 2021 இல் இதற்கென விதி வகுக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி போன்ற பெருநகரங்களின் முக்கியச் சந்திப்புகள் அவ்விதியின் வரம்புக்குள் வருகின்றன.

வாழ்க்கைச் சுருக்கம்

காட்சோனிடெஸ் அப்போது டச்சு ஆட்சியின் கீழிருந்த ஜாவா தீவில் கோம்பொங் என்னும் ஊரில் பிறந்தார். நண்பர்களும் பந்தய உலகினரும் இவரை மவுஸ் என்ற சுருக்கப் பெயரால் அழைத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நெதர்லாந்தில் காட்சோ என்ற பெயரில் விளையாட்டு வகைத் தானுந்துகளைக் கட்டினார். அவற்றுள் சில வண்டிகளே உருவாயின. வணிக அளவில் அம்முயற்சி வெற்றி பெறவில்லை. ஆயினும் அப்பெயர் பின்னாளில் வேறொரு பொருளுக்கு உரியதாகி உலகெங்கும் பரவியது.

பந்தய வாழ்க்கை

மான்டே கார்லோ போட்டி வழக்கமான ஓடுதளப் பந்தயத்தினின்றும் வேறுபட்டது. அக்காலத்தில் ஐரோப்பாவின் பல்வேறு நகரங்களிலிருந்து புறப்பட்ட போட்டியாளர்கள், சனவரி மாதக் குளிரில் பொதுச் சாலைகள் வழியாக மொனாக்கோவை வந்தடைய வேண்டியிருந்தது. வழியில் இருந்த ஒவ்வொரு சோதனைச் சாவடியையும் குறித்த நேரத்தில் அடைய வேண்டியிருந்தது. எனவே வேகத்தைப் போலவே நேரக் கணக்கும் வெற்றியை முடிவு செய்தது.

காட்சோனிடெஸ் 1950 ஆம் ஆண்டுப் போட்டியில் ஹம்பர் தானுந்தை ஓட்டி இரண்டாம் இடம் பெற்றார். 1953 இல் பீட்டர் வொர்லெட்ஜ் என்பவரைத் துணையாகக் கொண்டு ஃபோர்டு செஃபிர் தானுந்தில் முதலிடம் பெற்றார். ஜாகுவார் தானுந்தை ஓட்டிய இயன் ஆப்பிள்யார்டு இரண்டாம் இடத்தில் வந்தார். பின்னர் டிரையம்ப் நிறுவனத்தின் வண்டிகளிலும் இவர் பல போட்டிகளில் கலந்துகொண்டார். இத்தாலியின் மில்லே மிலியா பந்தயமும் அவற்றுள் ஒன்று.

அளவுகருவியின் தோற்றம்

பயிற்சியின்போது ஒரு வளைவை எந்த வேகத்தில் கடந்தோம் என்பதை அறிய அக்காலத்தில் நம்பத்தக்க வழி இல்லை. ஒருவர் சாலையோரம் நின்று கைக்கடிகாரத்தால் நேரம் கணித்தால் பெரும் பிழை நேரும். எடுத்துக்காட்டாக, 10 மீட்டர் இடைவெளியை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 0.6 நொடியில் கடக்கும். கணிப்பவரின் கை 0.2 நொடி தாமதித்தால் அதே வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் என்றாகும். 0.2 நொடி முந்தினால் 90 கிலோமீட்டர் என்றாகும்.

இக்குறையைப் போக்கக் காட்சோனிடெஸ் மனிதக் கையை விலக்கிவிட்டு வண்டியின் சக்கரத்தையே கடிகாரத்தை இயக்கச் செய்தார். சாலையின் குறுக்கே இரண்டு பட்டைகள் இடப்பட்டன. முதற் பட்டையின் மீது சக்கரம் ஏறும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாம் பட்டையின் மீது ஏறும்போது நிற்கும். இடைவெளியை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். பந்தயப் பயிற்சிக்குப் பயன்பட்ட இக்கருவி காவல்துறையினருக்கும் உதவும் என்பது விரைவில் தெரியவந்தது. 1958 இல் காட்சோமீட்டர் என்னும் நிறுவனத்தை இவர் தொடங்கினார்.

சந்திப்புகளில் ஒளிப்படக்கருவி

கடிகாரம் வேகத்தை மட்டுமே கூறும். எந்த வண்டி அவ்வேகத்தில் சென்றது என்பதற்குக் காவலரின் சொல்லே சான்றாக இருந்தது. அளவுகருவியுடன் ஒளிப்படக்கருவியும் மின்னல் விளக்கும் இணைக்கப்பட்டபோது இந்நிலை மாறியது. 1960களின் நடுப்பகுதியில், சிவப்பு விளக்கை மீறும் வண்டிகளைப் படம்பிடிக்கும் கருவி நடைமுறைக்கு வந்தது. 1971 இல் காட்சோமீட்டர் நிறுவனம் ராடார் அலைகளைக் கொண்டு வேகத்தை அளக்கும் கருவியை அறிமுகம் செய்தது.

சந்திப்பில் நிறுவப்படும் கருவி போக்குவரத்து விளக்குடன் இணைக்கப்பட்டிருக்கும். பச்சை விளக்கு எரியும்போது அது செயற்படாது. சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிய பின் நிறுத்தக் கோட்டை ஒரு வண்டி கடந்தால் மட்டுமே அது இயங்கும். முற்காலத்தில் சாலையின் குறுக்கே இடப்பட்ட குழாய்களும், பின்னர் சாலையில் புதைக்கப்பட்ட கம்பிச் சுருள்களும் வண்டியின் வருகையை உணர்த்தின. பொதுவாக இரண்டு படங்கள் எடுக்கப்படும். முதற் படம் வண்டி கோட்டருகே இருப்பதையும் விளக்கு சிவப்பாக இருப்பதையும் காட்டும். இரண்டாம் படம் அவ்வண்டி நில்லாமல் சந்திப்பின் நடுவே சென்றுவிட்டதைக் காட்டும். கோட்டைச் சற்றே தாண்டி நின்றுவிட்டவரையும் வேண்டுமென்றே கடந்தவரையும் இவ்வாறு பிரித்தறியலாம்.

வேகக் கண்காணிப்பிலும் இதே முறை கையாளப்பட்டது. பிரித்தானியாவில் காட்சோ கருவிகள் உள்ள இடங்களில் சாலையின் மீது சம இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் வரையப்பட்டன. அரை நொடி இடைவெளியில் எடுக்கப்பட்ட இரு படங்களில் வண்டி 10 மீட்டர் நகர்ந்திருந்தால் அதன் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர் ஆகும். ராடார் தவறாக அளந்திருந்தால் இக்கோடுகளே அதனைக் காட்டிக்கொடுக்கும். கருவியின் கூற்றை அப்படியே ஏற்காமல், குற்றஞ்சாட்டப்பட்டவரும் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்க இயலும் என்பதே இம்முறையின் முதன்மையான சிறப்பாகும்.

விமர்சனங்கள்

1992 இல் பிரித்தானியாவில் காட்சோ வேகக் கண்காணிப்புக் கருவிகள் பயன்பாட்டுக்கு வந்தன. வண்டியோட்டிகள் பலர் அவற்றை வெறுத்தனர். சில இடங்களில் கருவிகள் உடைக்கப்பட்டன, தீயிடப்பட்டன. சாலைப் பாதுகாப்பைவிட அபராத வருவாயே நோக்கம் என்பது முக்கியக் குற்றச்சாட்டாக இருந்தது. கருவி வண்டியின் பதிவெண்ணைக் காட்டுமே தவிர, பெரும்பாலும் ஓட்டியவரைக் காட்டுவதில்லை என்பதும் சட்டச் சிக்கலை உண்டாக்கியது.

சந்திப்புக் கருவிகளின் பயன் குறித்தும் இருவேறு முடிவுகள் உள்ளன. அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் 2005 இல் வெளியிட்ட ஆய்வு, ஏழு வட்டாரங்களின் விபத்துகளை ஒப்பிட்டது. குறுக்கே வரும் வண்டியின் பக்கவாட்டில் மோதும் விபத்துகள் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தன. திடீரென நிற்கும் வண்டியின் பின்புறம் மோதும் விபத்துகள் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடின. பக்கவாட்டு மோதல்களே உயிருக்கு மிகுந்த ஆபத்தை விளைப்பவை என்பதால் மொத்தத்தில் நன்மையே மிகுதி என அவ்வாய்வு கண்டது. மஞ்சள் விளக்கு போதிய நேரம் எரியாத சந்திப்பில் கருவியை வைத்தால், நிற்க முடியாதவரும் குற்றவாளி ஆவார். எனவே கருவியை நிறுவுவதற்கு முன் விளக்கின் கால அளவைச் சரிசெய்தல் இன்றியமையாதது.

இறுதிக்காலம்

காட்சோனிடெஸ் முதுமையிலும் வேகமாக வண்டியோட்டுவதில் விருப்பம் உடையவராகவே இருந்தார். தாம் உருவாக்கிய கருவியில் தாமே அகப்பட்டு அபராதம் செலுத்தியதாக அவர் கூறியதுண்டு. 1998 நவம்பர் 29 அன்று நெதர்லாந்தின் ஹேம்ஸ்டெட் நகரில் தமது 87 ஆம் வயதில் காலமானார். அவர் தொடங்கிய நிறுவனம் 2015 இல் சுவீடன் நாட்டின் சென்சிஸ் நிறுவனத்துடன் இணைந்து சென்சிஸ் காட்சோ குழுமம் ஆனது.

இந்தியாவில்

இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 136அ என்னும் பிரிவைச் சேர்த்து, மின்னணுக் கருவிகள் வழியாகச் சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்க வழி செய்தது. சிவப்பு விளக்கை மீறுதல் ஆபத்தான முறையில் வண்டியோட்டும் குற்றங்களுள் ஒன்றாக அதே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2021 ஆகத்து மாதத்தில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167அ என்னும் விதி அறிவிக்கப்பட்டது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் பெற்று ஆண்டுதோறும் புதுப்பித்தல், கருவி உள்ளதை முன்கூட்டியே பலகை வைத்து அறிவித்தல், குற்றத்தையும் பதிவெண்ணையும் தெளிவாகக் காட்டும் படத்துடன் இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்தல் என்பன அவ்விதியின் கூறுகள். குற்றம் நடந்த 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது.

திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும்

பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களின் முக்கியச் சந்திப்புகளில் கருவிகளை நிறுவ 167அ விதி வலியுறுத்துகிறது. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருச்சிராப்பள்ளி நகரத்திரளின் மக்கள்தொகை இவ்வளவைக் கடந்துவிட்டது. 1994 இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைந்த திருவரங்கம் (ஸ்ரீரங்கம்), காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவாகும். நகரிலிருந்து அங்குச் செல்லும் போக்குவரத்து காவிரிப் பாலங்களை நோக்கிக் குவிவதால், பாலத்தின் இருபுறமும் உள்ள சிந்தாமணி, மாம்பழச்சாலை ஆகிய சந்திப்புகளில் நெரிசல் மிகுதி. வைகுண்ட ஏகாதசி போன்ற நாள்களில் அரங்கநாதசுவாமி கோயிலுக்கு வரும் அடியார் கூட்டமும் இதனுடன் சேர்கிறது.

காட்சோனிடெசின் பட்டைகள், தனித்தனியே வரும் நான்கு சக்கர வண்டிகளைக் கருதி அமைக்கப்பட்டவை. இரு சக்கர வண்டிகள், தானிகள், பேருந்துகள் ஆகியன ஒருங்கே கோட்டைக் கடக்கும் தமிழக நகரங்களில் எந்தச் சக்கரம் எந்த வண்டிக்கு உரியது என்பதைப் பட்டைகளால் பிரித்தறிய இயலாது. ஆகையால் நிகழ்படத்தைக் கணினி ஆராய்ந்து பதிவெண்ணைப் படிக்கும் முறை இங்குப் பொருத்தமானதாகிறது. பதிவெண் பலகை மறைந்தோ சிதைந்தோ இருந்தால் அம்முறையும் தவறக்கூடும். பிறர் செய்த குற்றத்துக்கான அறிவிப்பு ஒருவருக்குச் சென்றுவிடவும் கூடும். அந்நிலையில் அறிவிப்பைப் பெற்றவர் படத்தையும் நேரத்தையும் தாமே சரிபார்த்து மறுப்பதற்கான வாய்ப்பே அவருக்குரிய பாதுகாப்பாகும்.