மூணாவது மாடி, ரூம் நம்பர் 9

ஒரு தலைமைத் தளபதிக்கு 60 சிப்பாய். ஒரு கர்னலுக்கு 15. ஒரு லெப்டினன்ட்டுக்கு 4.

ஏதோ கேம்ல வர்ற பாயின்ட்ஸ்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் 1862 ஜூலையில் கையெழுத்துப் போட்ட போர்க்கைதி பரிமாற்ற ஒப்பந்தத்தின் ரேட் இது. மாத்திக்க ஆள் பத்தலைன்னா, முறைப்படி கணக்கு முடியும் வரை ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கிட்டு அனுப்பிடுவாங்க.

நான் தேடிப் போனது இந்தக் கணக்கைத்தான். ஆனா அதுக்குள்ள ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்துட்டாங்க. கிளாரா பார்ட்டன். முதல் வருஷம் யூத் ரெட் கிராஸ் பேட்ஜ் குத்திக்கிட்டு ரத்ததான முகாம்ல நின்னீங்கல்ல? அந்த ரெட் கிராஸை 1881ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது இவங்கதான். அதுக்கு முன்னாடி இவங்க செஞ்ச வேலை அவ்வளவா வெளியே தெரியாது.

1821 கிறிஸ்துமஸ் அன்னிக்கு மாசசூசெட்ஸில் பிறந்தவங்க. ரொம்ப கூச்ச சுபாவம். டீச்சர் ஆகி, நியூஜெர்சியில் ஒரு இலவசப் பள்ளியை வளர்த்தாங்க. பள்ளி பெருசானதும் தலைமைப் பதவி ஒரு ஆணுக்குப் போச்சு. அதை விட்டுட்டு வாஷிங்டனில் பேட்டன்ட் ஆபீஸ் கிளார்க் ஆனாங்க. போர் வந்ததும் மருந்து, துணி, சாப்பாடு எல்லாம் வண்டியில் ஏத்திக்கிட்டு நேரா போர்க்களத்துக்கே போயிட்டாங்க. 1862ல் ஆன்டீட்டம் போரில் ஒரு குண்டு இவங்க சட்டைக் கையைத் துளைச்சு, இவங்க கவனிச்சுக்கிட்டிருந்த சிப்பாயைக் கொன்னது.

இதுக்கிடையில் அந்த ஒப்பந்தம் உடைஞ்சுபோச்சு. வடக்குப் படையில் கறுப்பின வீரர்கள் சேர்ந்தாங்க. அவங்க பிடிபட்டா போர்க்கைதியா நடத்த முடியாது, அடிமைகள்தான் என்றது தெற்கு. லிங்கன் அரசு அதை ஏத்துக்கல. 1863ல் பரிமாற்றம் படுத்துடுச்சு. விடுவிச்சா தெற்குச் சிப்பாய்கள் நேரா திரும்பச் சண்டைக்குத்தான் வருவாங்க என்ற கணக்கும் ஜெனரல் கிராண்ட்டுக்கு இருந்தது. வடக்கு இறங்கிப் போயிருக்கணும்னு என்னால சொல்ல முடியல. தன் சீருடை போட்ட ஆளை அடிமைன்னு ஒத்துக்கிட்டா அப்புறம் எதுக்குப் போர்? ஆனா அதுக்கான விலையைக் கொடுத்தது கைதிகள்.

ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் முகாம். 10,000 பேருக்குப் போட்ட திட்டம். 1864 ஆகஸ்டில் உள்ளே இருந்தது 30,000க்கும் மேல. கூரை இல்லை, குடிதண்ணீரே சாக்கடை. 14 மாசத்தில் கிட்டத்தட்ட 13,000 பேர் செத்தாங்க.

1865 தொடக்கத்தில் பரிமாற்றம் மறுபடி ஆரம்பிச்சதும் கிளாரா அன்னபோலிஸ் போனாங்க. கப்பலில் இருந்து எலும்பும் தோலுமா ஆட்கள் இறங்கினாங்க. இறங்காதவங்களோட அம்மாக்கள் கிட்டயிருந்து கடிதம் வந்துக்கிட்டே இருந்தது. லிங்கனின் ஒப்புதலோட, வாஷிங்டனில் தான் குடியிருந்த வாடகை அறையிலேயே, காணாமல் போன வீரர்களைத் தேடும் ஆபீஸைத் திறந்தாங்க.

முறை ரொம்ப சிம்பிள். பெயர்களை மாநில வாரியா அச்சடிச்சு போஸ்ட் ஆபீஸ்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்புவாங்க. திரும்பி வந்த யாராவது பார்த்து, இவனை நான் கடைசியா இங்கே பார்த்தேன்னு எழுதுவாங்க. உயிரோட இருந்த ஒருத்தர், என் பெயரை ஏன் ஊருக்கெல்லாம் போட்டீங்கன்னு சண்டைக்கே வந்தார். வீட்டில் தேடுறவங்களுக்கு ஒரு வரி எழுதக்கூடாதான்னு அவருக்கு நல்லா டோஸ் விட்டு பதில் போனது.

அப்படிப் பட்டியலைப் பார்த்து எழுதினவன்தான் டோரன்ஸ் அட்வாட்டர். ஆண்டர்சன்வில்லில் சாவுகளைப் பதிவு பண்ற வேலை கொடுத்தப்ப அவனுக்கு 19 வயசு, நம்மை விடச் சின்னவன். அந்தப் பதிவேட்டை ரகசியமா நகலெடுத்து, கோட்டு உள்துணியில் மறைச்சு வெளியே கொண்டுவந்தான். அங்கே புதைகுழிகள் மேல இருந்தது வெறும் எண். எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்பது அவன் பட்டியலில் இருந்தது. மூணாவது செமஸ்டர் டேட்டாபேஸ் பேப்பரில் ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணோமே, அதேதான். கோடை வெயிலில் கிளாரா, அவன், ராணுவம் அனுப்பிய ஆட்கள் எல்லாரும் போய் ஒவ்வொரு குழிக்கும் பெயர்ப்பலகை நட்டாங்க. சுமார் 460 மட்டும் பெயரில்லாமலே நின்னது. 1865 ஆகஸ்ட் 17 அன்னிக்கு அங்கே கொடி ஏத்தினது கிளாரா.

அட்வாட்டருக்குக் கிடைச்சது ஜெயில். பட்டியல் அரசாங்கத்துக்குச் சொந்தமாம், திருடிட்டானாம். கிளாரா அலைஞ்சு அவனை வெளியே கொண்டுவந்தாங்க. 1866ல் பட்டியல் அச்சில் வந்தது.

மொத்தம் 63,000 கடிதங்கள். 22,000 பேருக்கு என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. 1912ல் கிளாரா இறந்தப்ப அந்த ஆபீஸை யாருக்கும் ஞாபகமில்லை. 1996ல் வாஷிங்டன் ஏழாவது தெருவில் இடிக்க இருந்த ஒரு பழைய கட்டடத்தைச் சரிபார்க்கப் போன தச்சர், மச்சில் பழைய காகிதங்களும் ஒரு தகரப் பலகையும் கிடக்கிறதைப் பார்த்தார். பலகையில் மூணாவது மாடி, ரூம் நம்பர் 9னு போட்டு கீழே மிஸ் கிளாரா பார்ட்டன்னு இருந்தது. கட்டடத்தை இடிக்கல.