கல்லறைச் சிற்பங்களைக் கண்டெடுத்த பயில்வான்

எகிப்து என்றதும் நம் நினைவுக்கு வருபவை பிரமிடுகள். ஆனால் அந்நாட்டுப் பழங்கலையின் சிறப்பை அறிய வேண்டுமானால், மலையைக் குடைந்து அமைத்த கல்லறைகளின் சுவர்களைப் பார்க்க வேண்டும். மன்னர்களும் தெய்வங்களும் பாம்புகளும் படகுகளும் அங்கே புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுள் தலைசிறந்தது, சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட முதலாம் சேத்தி மன்னரின் கல்லறை. அதைக் கண்டுபிடித்தவர் பண்டிதர் அல்லர். மேடையில் எடை தூக்கிப் பிழைத்த ஒரு பயில்வான்! அவர் பெயர் ஜியோவானி பெல்சோனி.

நாவிதர் மகன்

இத்தாலியில் பாதுவா நகரில் 1778ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி, ஒரு நாவிதரின் மகனாகப் பெல்சோனி பிறந்தார். இளம் வயதிலேயே ரோமாபுரிக்குச் சென்று, நீரை ஏற்றி இறக்கும் பொறிகளைப் பற்றிக் கற்றார். பிரெஞ்சுப் படைகள் அந்நகரைப் பிடித்தபின் ஊர் ஊராக அலைந்து, 1803இல் லண்டன் வந்து சேர்ந்தார். ஆறரை அடி உயரம், அதற்கேற்ற உடற்கட்டு. இரும்புச் சட்டம் ஒன்றைத் தோளில் மாட்டி, அதன்மேல் பத்துப் பேரைச் சுமந்து மேடையில் நடந்து காட்டினார். சாரா என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மையார் அவருடன் பாலைவனத்திலும் அலைந்தவர்.

1815இல் இருவரும் எகிப்துக்குச் சென்றனர். அந்நாட்டை ஆண்ட முகமது அலி பாஷாவுக்கு நீரிறைக்கும் பொறி ஒன்றைச் செய்து கொடுப்பது திட்டம். மறு ஆண்டு நடந்த சோதனையில் விபத்து நேர்ந்து, உதவியாளனின் கால் ஒடிந்தது. பாஷா பொறியை ஏற்கவில்லை. கையில் காசில்லாமல் நின்றவருக்கு, பிரிட்டிஷ் தூதர் ஹென்றி சால்ட் வேலை கொடுத்தார். தீப்ஸ் நகரின் இடிபாடுகளில் கிடந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் சிலைத்தலை ஏழு டன்னுக்கு மேல் எடை கொண்டது. உருளைக் கட்டைகள், கயிறு, கூலியாட்களின் கைபலம் ஆகியவற்றை மட்டும் கொண்டு அதை நைல் நதிக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார் பெல்சோனி. இன்று அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1817 ஆகஸ்டில், மணல் மூடிக் கிடந்த அபுசிம்பல் கோயிலின் வாயிலையும் திறந்தார்.

மண்ணுக்குள் ஒரு மாளிகை

அதே ஆண்டு அக்டோபரில் லக்சர் நகருக்கு எதிரே உள்ள மன்னர் பள்ளத்தாக்கில் தோண்டத் தொடங்கினார். அவர் தேர்ந்தெடுத்த இடம் மலைச்சரிவின் அடியில், மழைநீர் பாயும் தடத்தில் இருந்தது. அங்கே கல்லறை இருக்காது என்று வேலையாட்கள் எண்ணினர். பெல்சோனி கேட்கவில்லை. இரண்டே நாட்களில் பாறையில் வெட்டிய வாயில் தெரிந்தது.

உள்ளே படிகளும் நடைவழிகளும் இறங்கிக்கொண்டே போயின. நடுவில் முப்பது அடி ஆழமுள்ள குழி ஒன்று வழிமறித்தது. உத்திரங்களைப் பாலமாகப் போட்டுக் கடந்ததும், தூண் மண்டபங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. சூரிய தேவன் இரவின் பன்னிரண்டு மணி நேரமும் பாதாளத்தில் படகேறிச் செல்வதும், மன்னர் தெய்வங்களின் கைப்பிடித்து நிற்பதும் சுவர்களில் நேற்று முடித்தவை போல் ஒளிர்ந்தன. மாண்ட மன்னர் மறுபடி உதிக்க இச்சிற்பங்கள் வழிகாட்டும் என்பது எகிப்தியர் நம்பிக்கை.

வேலை முடியாத ஓர் அறையும் இருந்தது. அங்கே சித்திரக்காரர் முதலில் சிவப்பு மையால் கோடிழுத்திருந்தார். தலைமைக் கலைஞர் கறுப்பு மையால் அதைத் திருத்தியிருந்தார். அதன்பிறகே சிற்பி, உருவத்தைச் சுற்றியுள்ள கல்லைச் செதுக்கிக் களைவார். உருவம் புடைத்து நிற்கும். மேலே மெல்லிய பூச்சிட்டு வண்ணம் தீட்டுவர். மன்னர் இறந்ததும் உளியோசை நின்றுவிட்டதால், அந்தத் தொழில்முறை நமக்குத் தெரியவந்தது.

கடைசி மண்டபத்தில், ஒன்பதடிக்கு மேல் நீளமுள்ள அலபாஸ்டர் கற்பேழை கிடந்தது. உள்ளே விளக்கு வைத்தால் வெளியே ஒளி கசியும். ஆனால் மன்னரின் மம்மி அதில் இல்லை. அதைப் பழங்காலத்திலேயே குருமார்கள் வேறிடத்தில் மறைத்துவிட்டனர். 1881இல்தான் அது வெளிப்பட்டது.

கல்லறையே வீடு

பெல்சோனியின் உண்மையான பெருமை இதன்பிறகுதான் தொடங்குகிறது. 1818 மார்ச்சில் கீசாவின் இரண்டாம் பிரமிடைத் திறந்துவிட்டு, மீண்டும் கல்லறைக்கு வந்தார். சீயனா நகரைச் சேர்ந்த ரிச்சி என்ற மருத்துவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிற்பத்தையும் படியெடுக்க முற்பட்டார். ஆள் உயர உருவங்கள் மட்டும் 182. சிறியவை எண்ணூறுக்குக் குறையாது. கோடை வெப்பத்தில் மெழுகு இறுகவில்லை. குங்கிலியமும் நுண்துகளும் கலந்து அதை இறுகச் செய்தார். சித்திர எழுத்துகளின் பொருள் அப்போது உலகில் எவருக்கும் தெரியாது. ஆயினும் ஒவ்வோர் எழுத்தையும் பிசகாமல் வரைந்து வைத்தனர்.

ஆனால் இதில் ஒரு துயரமும் உண்டு. மெழுகு ஒட்டிய இடங்களில் பழைய வண்ணம் பெயர்ந்தது. போக்குவரத்துக்காக நடுவழிக் குழி தூர்க்கப்பட்டது. மழைநீரை உள்ளே விடாமல் தாங்கி நின்றதும் அந்தக் குழிதான். பின்னர் பெய்த மழையில் வெள்ளம் உள்ளே புகுந்து, சுவர்கள் விரிந்து, சில சிற்பங்கள் உடைந்து விழுந்தன. மூவாயிரம் ஆண்டுகள் அழியாதிருந்தவை, திறந்த சில காலத்திலேயே சிதையத் தொடங்கின. அடுத்து வந்தவர்களும் விட்டுவைக்கவில்லை. சித்திர எழுத்தின் புதிரை விடுவித்த அறிஞர் ஷாம்போலியன்கூட 1829இல் ஒரு சிற்பப் பலகையைப் பெயர்த்தெடுத்தார். அது பாரிஸ் லூவர் மியூசியத்தில் இருக்கிறது. அதன் இணைப்பலகை பிளாரன்சுக்குப் போயிற்று.

புகழும் முடிவும்

1821 மே மாதம் லண்டன் பிக்காடிலியில், கல்லறையின் இரு அறைகளை அதே அளவில் அமைத்துக் காட்டினார் பெல்சோனி. முதல் நாளே சுமார் 1,900 பேர் வந்தனர். ஆனால் கற்பேழையை வாங்க பிரிட்டிஷ் மியூசியம் மறுத்தது. 2,000 பவுனுக்கு மேல் கிடைக்கும் தொகையில் பாதி பெல்சோனிக்கு என்பது ஒப்பந்தம். 1824இல் கட்டடக்கலைஞர் ஜான் சோன் சரியாக 2,000 பவுனுக்கு அதை வாங்கினார். பெல்சோனி பங்கு பூஜ்யம். அதைக் கேட்கவும் அவர் உயிருடன் இல்லை. ஆப்பிரிக்காவின் திம்பக்து நகரைத் தேடிப் புறப்பட்டவர், 1823 டிசம்பர் 3ஆம் தேதி பெனின் நாட்டில் சீதபேதியால் மாண்டார். வயது 45. சாரா அம்மையார் நெடுங்காலம் வறுமையில் வாழ்ந்தார்.

கல்லறைக்குள் அவரும் ரிச்சியும் வரைந்த வண்ணப்படங்கள் பிரிஸ்டல் மியூசியத்தில் காக்கப்பட்டுள்ளன. 2017இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அக்கல்லறையின் அறைகளை நவீன கருவிகளால் மறுபடி உருவாக்கிக் காட்டினார்கள். சுவரில் இன்று இல்லாத வண்ணங்களுக்கும் உருவங்களுக்கும் சாட்சியாக இருப்பவை, விளக்கொளியில் அந்தப் பயில்வானின் பெரிய கைகள் வரைந்த படங்களே.