எண்களிடம் கேள்வி கேட்டவர்

உலகத்தில் நடப்பதெல்லாம் ஓர் ஒழுங்கோடு நடக்கிறதா, இல்லை எல்லாமே தற்செயலா? சமய வகுப்பில் யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்டுவிடும் கேள்வி இது. இதையே எண்களிடம் கேட்டுப் பார்த்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் பிறந்த அவர் கும்பகோணத்தில் வளர்ந்தார். அப்பா துணிக்கடையில் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். பள்ளிப் பருவத்தில் கையில் கிடைத்த ஒரு கணிதப் புத்தகம் இராமானுஜனை அப்படியே இழுத்துக்கொண்டது. மற்ற பாடங்களை அவர் கவனிக்கவே இல்லை. விளைவு? உபகாரச் சம்பளம் போச்சு. எஃப்.ஏ. தேர்வில் திரும்பத் திரும்பத் தோல்வி. 1912-இல்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தது.

1913 ஜனவரியில், கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். அவற்றில் ஒன்று பகா எண்களைப் பற்றியது. 2, 3, 5, 7, 11, 13 என்று போகும் இந்த எண்கள், வாசலில் சிந்திய அரிசி மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்பதை மிக நெருக்கமாகச் சொல்லும் சூத்திரத்தைக் கண்டுவிட்டதாக இராமானுஜன் நம்பினார்.

ஆனால் அது சரியில்லை. சிறிய எண்களுக்கு அழகாகப் பொருந்திய சூத்திரம், எண்கள் பெருகப் பெருக அவர் நினைத்ததைவிட அதிகமாக விலகியது. ஹார்டி அதை எடுத்துக் காட்டினார்.

இங்கேதான் நாம் கவனிக்கணும். சூத்திரங்களை நாமகிரித் தாயார் கனவில் காட்டுகிறாள் என்று நண்பர்களிடம் சொன்னவர் இராமானுஜன். அவர் பக்தியையும் விடவில்லை, நிரூபணம் வேண்டாம் என்று ஒதுங்கவும் இல்லை. 1914 மார்ச்சில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார். போர்க்காலத்திலும் சைவ உணவைத் தாமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஹார்டியோடு உட்கார்ந்து நிரூபணம் செய்யும் முறையைக் கற்றார்.

1917-இல் இருவரும் சேர்ந்து இன்னொரு கேள்வியை எடுத்தார்கள். ஓர் எண்ணை எத்தனை வெவ்வேறு பகா எண்கள் வகுக்கும்? 30-ஐ 2, 3, 5 என மூன்று வகுக்கும். பக்கத்திலுள்ள 31 தானே பகா எண், அதனால் ஒன்றுதான். 32-க்கு 2 மட்டும். 33-க்கு 3, 11 என இரண்டு. அடுத்த எண்ணுக்கு எத்தனை என்று வரிசையைப் பார்த்து ஊகிக்க முடியாது.

ஆனா, கூட்டமாகப் பார்த்தால் கதையே வேற. கால்குலேட்டரில் 'எல்.என்.' பட்டனை ஓர் எண்ணுக்கு இரண்டு முறை அழுத்திப் பாருங்க. பெரும்பாலான பெரிய எண்களுக்கு, அந்த விடையை ஒட்டித்தான் பகா எண்களின் எண்ணிக்கையும் இருக்கும் என்று அவர்கள் நிரூபித்தார்கள். ஒரு கோடிக்குப் பக்கத்தில் உள்ள எண்களுக்கு அது ஏறக்குறைய 3. பிறகு 1940-இல் எர்டோஷ், காட்ஸ் என்ற இருவர் இன்னொரு படி மேலே போனார்கள். காசைப் பல முறை சுண்டினால் எத்தனை தலை விழும் என்பதற்கு வரும் அதே மணி வடிவ வளைவு இங்கேயும் வருகிறது என்று காட்டினார்கள்.

யோசிச்சுப் பாருங்க. எண்களில் தற்செயல் எதுவுமே கிடையாது. 30 என்றைக்கும் 30-தான். ஆனாலும் அவை காசு சுண்டினது போல நடந்துகொள்கின்றன. அந்தக் காசு சுண்டலுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. ஒழுங்கும் தற்செயலும் ஒன்றையொன்று விரட்டும் எதிரிகள் இல்லை. தனியாகப் பார்க்கும்போது குழப்பமாகத் தெரிவது, மொத்தமாகப் பார்க்கும்போது ஒழுங்காகத் தெரிகிறது.

1918-இல் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அதற்குள் உடம்பு கெட்டுவிட்டது. 1919-இல் ஊர் திரும்பியவர், படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, 32 வயதில், சென்னையில் காலமானார்.

விபத்தில் சிக்கிய காரின் எண்ணைப் பார்த்து 'நாலு நம்பர்' எழுதுகிறவரும் ஒழுங்கைத்தான் தேடுகிறார். ஆனால் அவர் சோதித்துப் பார்ப்பதில்லை. இராமானுஜன் சோதித்தார், தாம் கண்ட ஒழுங்கு தவறு என்று தெரிந்ததும் வேறு ஒழுங்கைத் தேடினார். தம்பி, தங்கச்சி, எஸ்.பி.எம்.-இல் வந்த ஒரு மோசமான ரிசல்ட்டும் வரிசையில் ஓர் எண் மட்டும்தான். அதை வைத்து வாழ்க்கையின் கணக்கை முடித்துவிடாதீங்க. அடுத்த எண்ணை எழுதுங்க.