பூமியைக் கிரிவலம் வந்த அலைகள்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். மலையைக் குடைந்து நேரே ஒரு வழி இருந்தால் மறுபக்கத்துக்கு எவ்வளவோ சீக்கிரம் போய்விடலாம்! சுற்றி நடப்பதிலும் கெட்டித் தரையில் கால் வேகமாகப் போகும், மணலில் தயங்கும். பூகம்ப அலைகளின் சங்கதியும் ஏறக்குறைய இதுதான். அவற்றைத் தரம் பிரித்துக் காட்டியவர் ரிச்சர்டு டிக்ஸன் ஓல்டாம்.

1858-ம் வருஷம் பிறந்தவர். தகப்பனார் தாமஸ் ஓல்டாம், இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் தலைவராக இருந்தவர். 1869-ல் கச்சாரில் நேர்ந்த பூகம்பத்தைப் பற்றி அவர் எழுதியது அச்சேறுமுன்பே, 1878-ல் காலமானார். மறு வருஷம் அதே இலாகாவில் சேர்ந்த மகன், தந்தையின் எழுத்தைச் செப்பனிட்டு வெளியிட்டார். பூகம்பம் அவருக்குப் பிதிரார்ஜிதச் சொத்து என்றே சொல்லலாம்.

1897 ஜூன் 12-ந் தேதி மாலை அஸ்ஸாம் குலுங்கிற்று. ஷில்லாங்கில் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. தரையில் கிடந்த கற்கள் எகிறி விழுந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓல்டாமும் சகாக்களும் ஊர் ஊராக அலைந்து சேகரித்த விவரங்கள் 1899-ல் பெரிய அறிக்கையாக வெளிவந்தன.

ஆனால் முக்கியமான தடயம் கிடைத்தது இத்தாலியில். அங்கிருந்த யந்திரங்கள் அஸ்ஸாம் அதிர்ச்சியைப் பதிவு செய்திருந்தன. அதையும் வேறு பூகம்பங்களின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஓல்டாம், வருவது ஒரே அதிர்ச்சியல்ல, மூன்று என்று 1900-ல் காட்டினார். முதலிரண்டும் பூமிக்குள் புகுந்து வருபவை. ஆழம் கூடக் கூட அவற்றின் வேகமும் கூடும். மூன்றாவது, மேற்பரப்போடு சுற்றிக்கொண்டு வினாடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வீதம் வந்து சேரும். வருவது கடைசியில், ஆட்டமோ பெரிது.

இந்தச் சுற்றுவழி அலை வந்து சேரும் நேரம் வழியிலுள்ள தரையைப் பொறுத்தது. வண்டல் தடித்துக் கிடக்கும் கங்கைச் சமவெளியில் அது தயங்கும். திருவண்ணாமலை வட்டாரத்துப் பழம்பாறையில் விரையும். நீளமான அலை இன்னும் ஆழத்தைத் தொடும். பூமியின் மேலோடு கண்டங்களில் சுமார் 35 கிலோமீட்டர் கனம், கடலடியில் சுமார் 7 தான். அதற்குக் கீழே இன்னும் இறுகிய பாறை. ஆகையால் கடலடி வழியே வரும் நீளமான அலை முந்திக்கொள்கிறது. பின்னால் வந்த விஞ்ஞானிகள், அலை வந்த நேரத்தைக் கொண்டே மேலோட்டின் கனத்தைக் கணக்கிட்டார்கள். துளை போடாமலே!

உடல்நலம் குன்றி 1903-ல் ஓய்வு பெற்ற ஓல்டாம் சும்மா இருக்கவில்லை. உட்புகும் அலைகள் பூமியின் நடுப்பகுதியில் தாமதிப்பதைக் கண்டு, அங்கே தனியாக ஒரு மையக்கரு இருக்கிறதென்று 1906-ல் வெளியிட்டார். அதன் அளவைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட்டிருந்தார். இன்றையக் கணக்கில் அதன் ஆரம் சுமார் 3,480 கிலோமீட்டர். 1911-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது. 1936-ல் வேல்ஸ் நாட்டில் காலமானார்.