குளிர் பட்டால் நிமோனியா வருமா? குன்னூரில் எலிகளை வைத்து விடை தேடிய மெக்காரிசன்

நடுவட்டத்தில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்துவிட்டால், மப்ளர் இல்லாமல் குழந்தையை வெளியே விடமாட்டார்கள். குளிர் நெஞ்சில் இறங்கி நிமோனியா வந்துவிடுமோ என்ற பயம்தான். ஆனால், குளிர் மட்டுமே நிமோனியாவைக் கொண்டுவராது. அப்போ வேறு என்ன காரணம்? இதே நீலகிரியில், ஊட்டிக்கு அந்தப் பக்கம் குன்னூரில் வேலை பார்த்த ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டரின் வாழ்க்கையில் பாதி பதில் இருக்கிறது.

யார் இந்த மெக்காரிசன்?

1878-ல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். பெல்ஃபாஸ்டில் மருத்துவம் படித்துவிட்டு, 1901-ல் இந்தியா வந்தார். கில்கிட் மலைப்பகுதியில் கழுத்துக்கழலை ஏன் வருகிறது என்று ஆராய்ந்தபோது, சந்தேகத்துக்குரிய தண்ணீரின் வண்டலைத் தானே குடித்துப் பார்த்தவர். பிறகு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஊட்டச்சத்து ஆய்வைத் தொடங்கினார். 1923-ல் அரசு சிக்கனம் என்று சொல்லி ஆய்வை நிறுத்தியது. 1925-ல் மறுபடியும் ஆரம்பித்தார்.

எலிகள் காட்டிய உண்மை

இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை வெள்ளெலிகளுக்குத் தனித்தனிக் கூட்டமாகக் கொடுத்தார். முழுக் கோதுமை சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி சாப்பிட்டவை நன்றாக வளர்ந்தன. பால், காய்கறி குறைந்து, அரிசியையே நம்பிய சென்னை மாகாணச் சாப்பாடு கடைசி இடத்துக்குப் போனது. பிரிட்டிஷ் ஏழைகளைப் போல வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை டீ, டப்பா இறைச்சி சாப்பிட்ட எலிகளை நிமோனியாவும் வயிற்று நோயும் அதிகம் தாக்கின. அதே மலை, அதே குளிர், வித்தியாசம் சாப்பாட்டில்தான்.

எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு நிமோனியா ஆபத்து அதிகம் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது.

நிமோனியாவில் எத்தனை வகை?

நுரையீரலின் காற்றுப்பைகளில் தொற்று ஏற்பட்டு, சீழோ நீரோ நிரம்புவதுதான் நிமோனியா.

பாக்டீரியா வகை: நிமோகாக்கஸ் கிருமி முக்கியக் காரணம். ஆன்டிபயாடிக் தேவை.

வைரஸ் வகை: ஃபுளூ, ஆர்.எஸ்.வி., கொரோனா போன்றவை. ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது.

பூஞ்சை வகை: எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு வரும்.

புரையேறி வருவது: உணவோ வாந்தியோ நுரையீரலுக்குள் போய்விடுவதால்.

விறகடுப்புப் புகை, சிகரெட், காற்றில்லாத அறையில் நெருக்கமாக இருப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். குளிர்காலத்தில் கதவு, ஜன்னலை மூடிக்கொண்டு இருப்பதால் கிருமி சுலபமாகப் பரவுகிறது. குளிர்மேல் பழி விழ இதுவும் ஒரு காரணம்.

எப்போது ஓட வேண்டும்?

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீங்க. நிமோகாக்கஸ் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் இலவசமாகப் போடப்படுகிறது.

மெக்காரிசன் 1935-ல் ஓய்வுபெற்றார், 1960-ல் இறந்தார். குன்னூரில் அவர் வளர்த்த ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மப்ளர் கட்டுங்க, தப்பே இல்லை. கூடவே தட்டில் பருப்பு, கீரை, முட்டை இருக்கிறதா என்றும் பாருங்க.